தேருக்கு நிலை உண்டு, மோட்டாருக்கு?

நமது ஊர்களில் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தேரை நிலையிலிருந்து கிளப்புவது பெரிதல்ல. அதைத் திரும்ப நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே பெரிது. ஆயிரம் கைகள் வடம் பிடிக்கின்றன. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தோடு சக்கரமாக ஓடுகிறார்கள். நான்கு வீதிகளையும் வலம் வந்து தேர் நிலையில் நின்ற பிறகுதான் ஊர் மூச்சு விடுகிறது. நடுவீதியில் தேர் நின்றுவிட்டால் அன்றிரவு ஊருக்கு உறக்கமில்லை. ஓடுகின்ற வண்டிக்கு நிற்கும் இடம் ஒன்று முன்கூட்டியே ஏற்பட்டிருக்க வேண்டும். அந்த இடம் இன்னதென்று ஊரெல்லாம் அறிந்திருக்க வேண்டும். இந்த நியாயத்தை நம் முன்னோர்கள் யாரும் புத்தகம் எழுதி விளக்கவில்லை. தேர்நிலை கட்டி விளக்கிவிட்டார்கள்.

சுவாமி ஏறிவரும் தேருக்கே இந்த விதியென்றால், மனிதர் ஏறிவரும் மோட்டாருக்கு மட்டும் விதி இல்லாமற் போனது எப்படி?

இன்று எந்தப் பெரிய நகரத்தின் கடைவீதிக்குப் போனாலும் இந்தக் கேள்வி எழாமலிராது. வீதியின் இருமருங்கிலும் மோட்டார்கள் வரிசையாக நிற்கின்றன. அவை ஓடுவதற்காகப் பிறந்தவை. ஆயினும் நாளின் இருபத்து நான்கு மணி நேரத்தில் ஒன்றோ இரண்டோ மணி நேரமே ஓடுகின்றன. மற்ற நேரமெல்லாம் நிற்கின்றன. அவை நிற்பதற்காகக் கடைக்காரர் வாசலை இழக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளை நடைபாதையை இழக்கிறது. கிழவர் நடுவீதியில் இறங்கி, பின்னால் வரும் பஸ்ஸுக்கு அஞ்சி அஞ்சி நடக்கிறார். இதற்குப் பரிகாரமாக இப்போது எங்கும் ஒரு யந்திரத்தின் பெயர் சொல்லப்படுகிறது. மோட்டாரைத் தூக்கி, அடுக்கின்மேல் அடுக்காக வானத்தில் நிறுத்திவிடும் யந்திரம் அது. தரையில் இடமில்லையா? ஆகாயத்தில் இருக்கிறதே என்கிறார்கள்.

யந்திரத்தை நாம் குறை கூற வரவில்லை. அது மனித புத்தியின் நேர்த்தியான படைப்புகளில் ஒன்று என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட அதன் சரித்திரம் ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. அந்தப் பாடத்தைப் படிக்காமல் யந்திரத்தை மட்டும் வாங்குவோமானால் பொதுப் பணம் வீணாகுமே தவிர வீதி மீளாது என்பதே நாம் இங்கே சொல்ல விரும்புவது.

தூக்குவதும் தாங்குவதும்

முதலில் யந்திரத்தை அறிந்துகொள்வோம். ஒரு மோட்டாரின் எடை சுமார் ஒன்றரை டன். அதை மனிதன் தூக்குவது எங்ஙனம்? மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டறிந்தார். சிறு குழாயில் சிறு பலத்தால் அழுத்தினால் பெருங்குழாயில் பெரும் பலம் எழும். இந்தத் தத்துவத்தை வைத்து 1795-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா நீரழுத்த யந்திரத்துக்குப் பேடண்ட் பெற்றார். பிறகு 1925-ம் வருஷத்தை ஒட்டி, அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தவரான பீட்டர் லுனாட்டி என்பவர், நாவிதர் கடை நாற்காலி ஏறி இறங்குவதைப் பார்த்து, அவ்விதமே மோட்டாரையும் ஏற்றி இறக்கலாமே என்று யோசித்தார். அந்த யோசனையிலிருந்து பிறந்ததுதான் பழுது பார்க்கும் பட்டறைகளில் இன்று நாம் காணும் லிப்ட். பள்ளத்தில் இறங்கி, இருட்டில் மல்லாந்து படுத்து வேலை செய்த மெக்கானிக் நிமிர்ந்து நின்று வேலை செய்ய அது வழி செய்தது.

தூக்குவது பாதி வேலை. தூக்கியதைத் தாங்கி நிற்பது மறு பாதி. எண்ணெய்க் குழாய் வெடித்தால் என்ன ஆகும்? கம்பி வடம் அறுந்தால் என்ன ஆகும்? 1854-ல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் என்பவர் ஒரு மேடைமேல் ஏறி நின்று, மேடையைத் தூக்கிய வடத்தைத் தம் தலைக்கு மேல் வெட்டச் செய்தார். மேடை விழவில்லை. வடம் தளர்ந்தவுடன் இருபக்கமும் பற்கள் பாய்ந்து பிடித்துக்கொள்ளும்படி அவர் ஏற்பாடு செய்திருந்தார். மனிதர் ஏறும் லிப்ட் மட்டுமல்ல, மோட்டார் ஏறும் லிப்டும் இந்தக் கொள்கையாலேயே வாழ்கிறது. தூக்கும் சக்தி போய்விட்டாலும் தாங்கும் பிடி போகக்கூடாது என்பதே அக்கொள்கை. பட்டறையில் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிறவன் தன் உயிரைப் பணயம் வைக்கிறான். கட்டை கொடுத்து, பூட்டுப் போட்ட பிறகு போகிறவனே தொழில் தெரிந்தவன்.

நிறுத்தும் யந்திரங்கள் பலவகை. எல்லாவற்றிலும் எளியது இரட்டைத் தட்டு. ஒரு மோட்டாரைத் தட்டோடு தூக்கி, அதன் கீழே மற்றொன்றை நிறுத்துவது. சென்னை அடுக்குமாடி வீடுகளில் இது இப்போது சகஜமாகிவிட்டது. மேலுள்ளது இறங்க வேண்டுமானால் கீழுள்ளது விலக வேண்டும். ஆகவே இரண்டும் ஒரே குடும்பத்து வண்டிகளாயிருப்பது உசிதம். இரண்டு குடும்பங்களுடையவையானால் விடியற்காலையில் கதவைத் தட்டும் சப்தம் நிச்சயம்.

அடுத்தது நகர்தட்டு வகை. வரிசைக்கு ஓரிடம் காலியாக விடப்பட்டிருக்கும். அந்தக் காலியிடத்தை நோக்கித் தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்து வழிவிட, வேண்டிய மோட்டார் கீழே இறங்கும். பல்லாங்குழியில் வெறுங்குழிதான் ஆட்டக்காரருக்கு லாபம் தருகிறது, இங்கேயும் அப்படியே. அந்த ஓரிடத்தையும் நிரப்பிவிட்டால் யந்திரம் முழுவதும் ஸ்தம்பித்துவிடும்.

மூன்றாவது சுழல்வகை. திருவிழாவில் சுற்றும் தொட்டில் ராட்டினத்தை நினைத்துக்கொண்டால் போதும். முடிவில்லாச் சங்கிலியில் தொட்டில்கள் தொங்குகின்றன. தொட்டிலுக்கு ஒரு மோட்டார். வேண்டிய தொட்டில் தரைக்கு வரும்வரை சங்கிலி சுற்றும். இரண்டு மோட்டார்கள் நிற்கும் நிலத்தில் பத்துப் பன்னிரண்டு நிற்கும்.

நான்காவது கோபுர வகை. நடுவே லிப்ட், இருபுறமும் மாடங்கள். ஜெர்மனியில் வோல்ஃப்ஸ்பர்க் நகரில் 2000-ம் வருஷம் திறக்கப்பட்ட இரு கண்ணாடிக் கோபுரங்கள் இவ்வகையில் உலகப் பிரசித்தம். ஒவ்வொன்றும் 48 மீட்டர் உயரம், இருபது அடுக்கு, நானூறு மோட்டார்கள். ஆனால் அவை வாங்கியவரிடம் ஒப்படைப்பதற்காக நிற்கும் புது மோட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

லாபம் எவ்வளவு? தில்லி நகரின் 2021-க்கான மாஸ்டர் பிளானில் இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒரு மோட்டாருக்குத் திறந்தவெளியில் 23 சதுர மீட்டர் என்றும், நிலவறையில் 32 என்றும், சரிவுப்பாதை வைத்த பல அடுக்குக் கட்டடத்தில் 30 என்றும், லிப்ட் வைத்த யந்திரக் கட்டடத்தில் 16 என்றும் அது வகுத்தது. மோட்டார் தானே அடைக்கும் இடம் ஏழெட்டு சதுர மீட்டர்தான். மீதியெல்லாம் வந்து போகும் வழி, திரும்பும் வளைவு, கதவு திறக்கும் சந்து. யந்திரம் இந்த மீதியைத்தான் மிச்சம் பிடிக்கிறது. மனிதர் உள்ளே போகாததால் வழி வேண்டாம். கதவு திறக்காததால் சந்து வேண்டாம்.

மின்சாரச் செலவைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. தட்டும் மோட்டாருமாக இரண்டு டன் எடையை இருபது மீட்டர் தூக்குவதற்குக் கணக்குப்படி வேண்டியது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். உராய்வுக்கும் சேதாரத்துக்கும் அதைப்போல் ஒரு மடங்கு சேர்த்துக்கொண்டாலும் கால் யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.

அஞ்ச வேண்டியது நேரத்துக்கு. ஒரு மோட்டாரை இறக்க இரண்டு நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வாசலுள்ள கட்டடத்தில் நூறு மோட்டார்கள் நிற்கின்றன. சினிமா முடிந்து நூறு பேரும் ஒரே சமயத்தில் வந்து நின்றால், கடைசி மனிதர் வீடு திரும்ப மூன்று மணி இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஆகவே வீட்டுக்கும் ஆபீஸுக்கும் பொருந்துகிற யந்திரம் கல்யாண மண்டபத்துக்கும் கொட்டகைக்கும் பொருந்தாது. எத்தனை வண்டி நிற்கும் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எத்தனை வாசல் என்றும் கேட்க வேண்டும்.

மேனாடுகளின் அனுபவம்

இந்த யந்திரம் நேற்று முளைத்ததல்ல. பாரிஸ் நகரில் போந்தியூ வீதியில் அகஸ்த் பெர்ரே என்ற சிற்பி 1907-ல் கட்டி முடித்த காங்கிரீட் கொட்டகையிலேயே மோட்டார்களை மாடிக்கு ஏற்றும் லிப்ட் இருந்தது. 1928-ல் நியூயார்க்கில் கெண்ட் கம்பெனியார் அடுக்குமாடி மோட்டார்ச் சாவடிகளைக் கட்டத் தொடங்கினார்கள். ஒரு சிறு மின்சார வண்டி மோட்டாரின் கீழே நுழைந்து, பின்னச்சைப் பற்றி, லிப்டுக்குள் இழுத்துச் சென்றது. 1932-ல் சிக்காகோவில் மன்றோ வீதியில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் தொட்டில் ராட்டினம் எழுந்தது. மறு வருஷம் அந்நகரின் நூற்றாண்டுக் கண்காட்சியில் நாஷ் மோட்டார் கம்பெனி, கண்ணாடிக் கூண்டுக்குள் தன் மோட்டார்கள் சுழலும்படி ஒன்று வைத்து ஜனங்களை வியக்க வைத்தது.

வியப்பு நிலைத்ததா? இல்லை. அமெரிக்காவெங்கும் இந்த யந்திரம் பரவியிருக்க வேண்டும், பரவவில்லை. காரணம் கடினமானதல்ல. வெளியே வீதி இலவசமாய்க் கிடக்கையில் காசு கொடுத்து யார் ஆகாயத்துக்கு ஏறுவார்? வீதியோரத்தில் நிற்பதற்குக் காசு வாங்கும் பெட்டியே 1935-ல்தான் ஒக்லஹோமா நகரில் முதன்முதலாக நடப்பட்டது. நகரத்தின் நடுவில் பழைய கட்டடங்களை இடித்து வெற்றிடமாக்கி, அங்கே மோட்டார்களை நிறுத்தினார்கள். மோட்டாருக்காக ஊரை இடித்தார்களே ஒழிய ஊருக்காக மோட்டாரை ஒதுக்கவில்லை.

இங்கிலாந்தின் அனுபவம் இன்னும் கசப்பானது. லண்டனைச் சேர்ந்த உல்விச் பகுதியில் 1961-ல் யந்திர அடுக்குச் சாவடி ஒன்றை இளவரசி மார்கரெட்டைக் கொண்டு கோலாகலமாகத் திறந்தார்கள். திறப்பு விழாவன்றே யந்திரம் மக்கர் செய்தது. அதன் பிறகும் அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. கடைசியில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். ரிப்பனை வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் போதும். யந்திரத்தை நடத்துவதற்கு வேறு தகுதி வேண்டும்.

ஜப்பான் செய்தது

யந்திரம் உண்மையில் வேரூன்றிய தேசம் ஜப்பான். அங்கே வீடுகளின் இடுக்கில், பத்தடிச் சந்தில்கூட, இரட்டைத் தட்டும் தொட்டில் ராட்டினமும் கோபுரமும் நிற்கின்றன. ஜப்பானியர் நம்மைவிடப் புத்திசாலிகள் என்பதா காரணம்? நிலம் குறைவு என்பது மட்டுமா காரணம்? நிலக்குறைவு நமது நகரங்களுக்கும் உண்டு. காரணம், அவர்கள் யந்திரத்தை மட்டும் செய்யவில்லை, சட்டமும் செய்தார்கள்.

1957-ல் மோட்டார் நிறுத்தும் இடங்களைப் பற்றி ஒரு சட்டம் வந்தது. 1962-ல் அதைவிடத் திட்டமான மற்றொரு சட்டம் வந்தது. மோட்டார் வைத்துக்கொள்ள விரும்புகிறவன், வீதியல்லாத ஓரிடம் தனக்கு உண்டென்று முதலில் காட்ட வேண்டும். அந்த இடம் ஆதியில் வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்க வேண்டியிருந்தது. 1991-க்குப் பிறகு 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். போலீசார் சான்று தந்தாலன்றி வண்டி பதிவாகாது. சிறு மோட்டார்களுக்கு மட்டும் விதி சற்று இளக்கம். அதோடு நிற்கவில்லை. பகலில் 12 மணி நேரத்துக்கு மேலும், இரவில் 8 மணி நேரத்துக்கு மேலும் வீதியில் ஒரே இடத்தில் வண்டியை விட்டுவைப்பதும் அச்சட்டப்படி குற்றம்.

இதன் விளைவைச் சிந்தித்துப் பாருங்கள். வீதி கதவடைத்துவிட்டது, வண்டி வேண்டுமென்றால் இடம் தேடியாக வேண்டும், இடமோ பொன் விலை. அப்போதுதான் ஒரு வண்டியின் இடத்தில் இரண்டை நிறுத்தும் தட்டுக்கு மதிப்பு உண்டாயிற்று. வாங்குவோர் பெருகினார்கள்; செய்வோர் பெருகினார்கள்; செய்யச் செய்யத் தொழில் தேர்ந்தது. யந்திரம் சட்டத்தைப் பெறவில்லை. சட்டம் யந்திரத்தைப் பெற்றது. தாய் யார், பிள்ளை யார் என்பதை மாற்றிப் புரிந்துகொள்வதில்தான் மற்ற நகரங்கள் ஏமாந்தன.

ஜப்பானிலும் எல்லாம் நன்மையாய் முடிந்துவிடவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். யந்திரம் கட்டடத்தைவிடச் சீக்கிரம் மூப்படைகிறது. சங்கிலி தேய்கிறது, தட்டு துருப்பிடிக்கிறது, உதிரி பாகம் விலையேறுகிறது. வண்டி வைத்திருப்போர் தொகை குறைந்த அடுக்குமாடி வீடுகளில், வாடகையைவிடப் பராமரிப்புச் செலவு மிஞ்சிப் போகவே, யந்திரத்தைக் கழற்றி எறிந்து, பள்ளத்தை மூடிச் சமதரையாக்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். இன்னும் வருந்தத்தக்கது, உள்ளே ஆளிருப்பது தெரியாமல் வெளியே ஒருவர் பொத்தானை அழுத்த, குழந்தைகள் உட்பட உயிரிழந்த சம்பவங்கள். இவற்றை விசாரித்து, அந்நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு விசாரணைக் குழு 2014-ல் அறிக்கை வெளியிட்டது. பொத்தானை அழுத்துகிறவர் கண்ணுக்கு உள்ளிருப்பது தெரிய வேண்டும். கண்ணுக்குத் தப்பினால் யந்திரத்தின் உணர்கருவிக்காவது தெரிய வேண்டும். இவ்விரண்டும் இல்லாத யந்திரம் எவ்வளவு மலிவாய்க் கிடைத்தாலும் வேண்டாம்.

சாவி யார் கையில்?

இனி ஒரு விசித்திரமான வழக்கைச் சொல்கிறோம். பொதுப் பணத்தில் யந்திரம் வாங்கும் ஒவ்வொரு நகரசபை அங்கத்தினரும் இதை அறிந்துகொள்வது நலம்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாகாணத்தில் ஹோபோக்கன் என்ற சிறு நகரம். 2002-ல் அங்கே முன்னூறுக்கு மேற்பட்ட மோட்டார்கள் நிற்கும் தானியங்கிச் சாவடி ஒன்று திறக்கப்பட்டது. ஆளில்லாமல் கணினியே வண்டியை ஏற்றும்; கணினியே இறக்கும். ஆரம்பத்தில் தொல்லைகள் இருந்தன. இரண்டொரு மோட்டார்கள் மேலடுக்கிலிருந்து விழுந்து நொறுங்கியதும் உண்டு. ஆனால் உண்மையான சங்கடம் 2006-ல் வந்தது. நகரசபைக்கும் யந்திரத்தை நடத்திய கம்பெனிக்கும் ஒப்பந்தத்தில் தகராறு. நகரசபை போலீசைக் கொண்டு கம்பெனியின் ஆட்களை வெளியேற்றியது. கட்டடம் நகரசபையுடையது, இரும்பும் சங்கிலியும் நகரசபையுடையவை, உள்ளே நிற்கும் மோட்டார்கள் ஊர் ஜனங்களுடையவை. ஆனால் இவற்றையெல்லாம் இயக்கும் கணினி நிரலின் லைசென்ஸ் கம்பெனியுடையது. அது நின்றது, யந்திரமும் நின்றது. நூற்றுக்கணக்கான மோட்டார்கள் நாட்கணக்கில் உள்ளே சிறைப்பட்டன. கடைசியில் கோர்ட்டுக்குப் போய், லைசென்ஸுக்குப் பணம் கொடுக்க நகரசபை ஒத்துக்கொண்ட பிறகே கதவு திறந்தது.

வீட்டைக் கட்டிக்கொண்டு சாவியைப் பிறனிடம் விட்டவன் கதைதான் இது. பிறர் கையை எதிர்பார்த்து வாழ்வது என்னவென்று நம்மவர்களுக்கு யாரும் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் நூலும் துணியும் அந்த வடிவில் வந்தன. இன்று நிரலும் லைசென்ஸும் அந்த வடிவில் வருகின்றன. வெளிநாட்டு யந்திரம் கூடாதென்பதல்ல நம் வாதம். எங்கே செய்ததாயினும் சரி, அதைத் திறந்து பார்க்கவும், பழுது நீக்கவும், கம்பெனி போய்விட்டாலும் நடத்தவும் நம் மெக்கானிக்குகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்; அதற்கான உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாத யந்திரம் வாங்கப்பட்டதல்ல, வாடகைக்கு எடுக்கப்பட்டதே.

நம் வீதிக்கு வருவோம்

சென்னை தியாகராய நகரில் பாண்டி பஜார் வீதியின் நடைபாதை 2019-ல் அகலமாக்கப்பட்டது. நடப்பவர்களுக்கு வீதியில் பங்குண்டு என்பதை ஒப்புக்கொண்ட நல்ல காரியம் அது. அங்கிருந்து ஒதுக்கப்படும் வண்டிகளுக்காகத் தணிகாசலம் சாலையில் பல அடுக்குச் சாவடியும் எழுந்தது. இருநூறுக்கு மேற்பட்ட மோட்டார்களும் ஐந்நூறுக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளும் அதில் நிற்கலாம். ஆனால் சாவடி திறந்த பிறகும் சுற்றுத் தெருக்களில் வண்டிகள் முன்போலவே நின்றன. சாவடியில் இடம் காலியாயிருந்தது என்று பத்திரிகைகள் எழுதின. சிக்காகோவிலும் நியூயார்க்கிலும் நடந்ததேதான் இங்கும் நடந்தது. இலவச வீதியோடு போட்டியிட்டு ஜயித்த யந்திரம் உலகில் எங்கும் இல்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பொது இடத்தில் பிறருக்கு அபாயமோ தடையோ அசௌகரியமோ உண்டாகும்படி வண்டியை நிறுத்தலாகாதென்று 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு சொல்கிறது. நிறுத்தும் கட்டணம் அந்த நிலத்தின் உண்மை மதிப்பைக் காட்டுவதாக இருக்க வேண்டுமென்று 2006-ல் இந்திய சர்க்கார் வெளியிட்ட நகரப் போக்குவரத்துக் கொள்கையும் சொல்கிறது. சொல்லுக்குக் குறைவில்லை.

இங்கே நாம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். வீதியோரத்தில் நான்கடி இடத்தில் கூடையை வைத்துப் பூ விற்கிறாள் ஒரு தாய். 2014-ம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டப்படி அவள் சான்றிதழ் பெற வேண்டும்; குறித்த இடத்தில்தான் விற்க வேண்டும். ஒழுங்கு வேண்டியதே, நாம் மறுக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் பதினைந்தடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள மோட்டார் காலைமுதல் மாலைவரை நிற்கிறது. அவள் அந்த நான்கடியில் நாலு உயிரைப் பிழைக்க வைக்கிறாள். மோட்டாரோ யாரையும் பிழைக்க வைப்பதற்காக அங்கே நிற்கவில்லை, சும்மா நிற்கிறது. அதன் சொந்தக்காரரிடம், இந்த இடத்துக்குச் சான்றிதழ் எங்கே என்று கேட்பவர் யார்? ஏழைக்கு ஒரு வீதி, மோட்டாருள்ளவருக்கு ஒரு வீதி என்று நாம் சுதந்திரம் பெற்றபோது பிரித்துக்கொள்ளவில்லையே!

வண்டி வாங்குகிறவர் நிறுத்தும் இடத்தைக் காட்ட வேண்டும் என்ற யோசனை 2025-ல் மகாராஷ்டிரத்திலும் சென்னையிலும் பேசப்பட்டது. உடனே ஆட்சேபங்களும் எழுந்தன. மத்திய வகுப்பினர் பாடு என்ன ஆகும் என்கிறார்கள். வாடகை மோட்டார் ஓட்டிப் பிழைப்பவர் எங்கே போவார் என்கிறார்கள். ஆட்சேபத்தில் உண்மையில்லாமலில்லை. ஓட்டிப் பிழைக்கிறவருக்கு நகரசபையே குறைந்த வாடகையில் ஸ்டாண்டு அமைத்துத் தர வேண்டும்; வீதியிலிருந்து வசூலாகும் கட்டணம் அதற்கே செலவாகலாம். ஆனால் பத்து லட்சம் கொடுத்து வண்டி வாங்க முடிந்தவருக்கு அதை நிறுத்த இடம் தேட முடியாதென்றால், அந்த இடத்தை நடந்துபோகிற ஏழை ஏன் தானம் செய்ய வேண்டும்? நல்ல பஸ்ஸும் அகலமான நடைபாதையும் அமைந்தால் இவர்களில் பலருக்கு இரண்டாவது மோட்டாரே வேண்டியிராது.

ஆகவே நாம் சொல்வது இது. முதலாவது, சாவடி திறக்கும் நாளிலேயே சுற்றியுள்ள தெருக்களில் இலவச நிறுத்தம் நிற்க வேண்டும். தெருவோரக் கட்டணம் சாவடிக் கட்டணத்தைவிட அதிகமாயிருக்க வேண்டும். இரண்டாவது, இனிப் பதிவாகும் மோட்டாருக்கு நிலை காட்டச் சொல்ல வேண்டும். படிப்படியாகச் செய்யலாம், செய்யாமலிருக்கலாகாது. மூன்றாவது, யந்திரம் வாங்கும் ஒப்பந்தத்தில் நிரலின் உரிமையும், உதிரி பாகமும், நம்மவருக்குப் பயிற்சியும், பதினைந்து இருபது வருஷத்துப் பராமரிப்புச் செலவும் எழுத்தில் இருக்க வேண்டும். நான்காவது, ஆளிருந்தால் அசையாத யந்திரமே ஊருக்குள் வர வேண்டும். அதைப் பரிசோதிக்கும் அதிகாரி விற்ற கம்பெனியின் ஆளாக இருத்தலாகாது.

இந்த நான்கும் முன்னே வந்தால் யந்திரம் பின்னே வரட்டும், வரவேற்போம். இந்த நான்கும் இல்லாமல் கோபுரம் மட்டும் எழுமானால் அது உல்விச் சாவடியைப்போல் ஒரு நாள் வேடிக்கையாக முடியும்.

தேரை நிலை சேர்ப்பது வடத்தின் பலத்தால் மட்டும் ஆவதல்ல. எங்கே நிற்க வேண்டும் என்பதில் ஊர் முழுவதும் ஒருமனப்பட்டிருப்பதால் ஆவது. அந்த ஒருமனம் நமக்கு உண்டானால், தூக்குவதற்கு இரும்பும் எண்ணெயும் தாமே வந்து சேரும். அது வரையில் நம் வீதிகள் நிலை சேராத தேர்கள் நிற்கும் வீதிகளே. நம் ஊர்களுக்கு உறக்கமும் இல்லை.